தவிட்டுக்குருவிக் குடும்பம் ஒன்றை ஓராண்டு முழுவதும் கவனிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரே பறவைக் குடும்பத்தைக் கோடை, மழை, பனி என்று எல்லாப் பருவத்திலும் பின்தொடர்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராகக் கூட்டைத் தேடிப் போகிறார்கள். கூடு கிடைத்ததும் கேமராவை எடுக்கிறார்கள். சில வாரங்களில் கூடு காலியாகிவிடுகிறது, அதோடு அவர்களும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டியில் கூடு ஏழாவது படியில்தான் வரும். குடும்பத்தில் எத்தனை பேர், அவர்கள் நடமாடும் எல்லை எது, ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று தெரியாதவருக்குக் கூட்டில் நடப்பதில் பாதி புரியாது. தெரிந்தவரோ கூட்டை நெருங்காமலேயே அங்கு என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

1. எந்தப் பறவை, எந்த இடம்

தவிட்டுக்குருவியைப் பரிந்துரைக்கிறேன். புதிய கையேடுகளில் இதற்கு வெண்தலைச் சிலம்பன் என்று பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்தப் பறவை வலசை போவதில்லை. ஜனவரியில் வேலியோரம் சருகு புரட்டிய அதே கூட்டத்தை மே மாதத்திலும் அங்கேயே பார்க்கலாம். பெரும்பாலான நேரம் தரையில் மேய்கிறது, மனிதர்களுக்கு அஞ்சி ஒளிவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டு முழுவதும் குடும்பமாகவே வாழ்கிறது.

முதலில் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் உள்ள தவிட்டுக்குருவிக்கு வெளிறிய பாலேட்டு நிற உச்சந்தலை, மஞ்சள் அலகு, நீலம் கலந்த வெள்ளைக் கண், கருத்த வால் நுனி. இதைப் போலவே தோன்றும் காட்டுச் சிலம்பனுக்கு இப்படித் தனித்துத் தெரியும் வெளிர்தலை இல்லை. பறக்கும்போது வாலின் இரு ஓரத்திலும் வெள்ளைச் சிறகுகள் தெரிந்தால் அது பெரிய சாம்பல் சிலம்பன். இலங்கையில் உள்ள தவிட்டுக்குருவிக்கும் இந்த வெளிர்தலை கிடையாது. அங்கிருப்பவர்கள் தலையின் நிறத்தை வைத்துக் குழம்ப வேண்டாம்.

அழகான இடத்தைவிட, தினமும் நடந்து போகக்கூடிய இடம்தான் முக்கியம். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் தோப்பு, பள்ளி வளாகம், கோயில் நந்தவனம், ஊர்ப் பொதுக் கிணற்றடி என்று எதுவும் ஆகும். மூன்றே மூன்றைப் பாருங்கள்: பெருக்கித் தள்ளாத சருகு, அடர்ந்த வேலி அல்லது புதர், பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர். சருகில் இரை இருக்கிறது, புதரில் ஒதுங்கலாம், தண்ணீர் இருந்தால் கோடையிலும் கூட்டம் அதிக தூரம் அலையாது.

வாரம் ஒரு முறை ஞாயிறு முழுவதும் உட்காருவதைவிட, வாரத்தில் நான்கைந்து நாள் இருபது நிமிடம் போவது நல்லது. பறவைகளின் வாழ்க்கையில் மாற்றங்கள் இடைப்பட்ட நாட்களில்தான் நடக்கின்றன.

2. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். 8×32 அல்லது 8×42 என்று அதன் மேல் எழுதியிருக்கும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பெருகும். தவிட்டுக்குருவி பல நேரம் மிக அருகிலேயே மேயும் என்பதால், இரண்டு மூன்று மீட்டரில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

கோடு போட்ட சின்ன நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கையாலேயே வரைந்து சில நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மரங்கள், வேலி, கிணறு, பாதை இவை இருந்தால் போதும்.

இடத்துக்கு உரியவரிடமும் காவலாளியிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீடுகளுக்கு நடுவே பைனாகுலரோடு நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சொல்லி வைத்தால் அவர்களே பிறகு, 'இன்றைக்குக் காலையில் ஒரே கத்தல், பூனை வந்தது' என்று தகவல் தருவார்கள். அந்தத் தகவல் மதிப்புள்ளது.

கேமராவை முதல் மாதம் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கையில் கேமரா இருந்தால் கண் ஒரே பறவையில் நிலைத்துவிடும், கூட்டத்தில் மற்றவை என்ன செய்கின்றன என்பது தெரியாமல் போகும்.

3. முதல் வேலை தலை எண்ணுவது

தரையில் மேயும்போது எண்ணாதீர்கள். ஒன்று சருகுக்குள் இருக்கும், ஒன்று புதருக்குள் இருக்கும், ஒன்று மேலே கிளையில் காவல் இருக்கும். தரையை மட்டும் பார்த்து எண்ணுபவர்கள் இந்தக் காவல் பறவையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கூட்டம் இடம் மாறும்போது எண்ணுங்கள். தவிட்டுக்குருவிகள் ஒரே நேரத்தில் எழும்பிப் பறப்பதில்லை. ஒன்று பாதையைக் கடக்கும், சற்று இறக்கையடித்துப் பிறகு மிதந்து எதிர்ப்புதரில் இறங்கும். பின்னாலேயே அடுத்தது, அதற்கடுத்தது. பாதை, வாய்க்கால், திறந்த களம் என்று இடைவெளி உள்ள இடத்தில் பக்கவாட்டில் நின்றால் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

கடைசிப் பறவை கடந்த பிறகும் ஓரிரு நிமிடம் காத்திருங்கள். காவல் இருந்தது பிந்தித்தான் வரும்.

இரண்டு வாரம் இப்படி எண்ணி, கிடைத்ததில் பெரிய எண்ணைக் குடும்பத்தின் அளவாகக் கொள்ளுங்கள். சராசரி எடுப்பது தவறு, ஏனென்றால் குறைவாகக் கிடைத்த நாளில் பறவைகள் இல்லாமல் போகவில்லை, உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் மட்டும் எண்ணிக்கை திடீரென்று இரட்டிப்பாகி, கூச்சலும் அதிகமாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்துக் கூட்டம் எல்லையில் மோத வந்திருக்கிறது. அது அடுத்த படிக்கு உதவும்.

4. எல்லையை வரைவது

ஒவ்வொரு முறையும் கூட்டத்தைப் பார்த்த இடத்தை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். ஒரு மாதத்தில் புள்ளிகள் திரண்டு ஒரு வடிவம் தெரியும். ஓரங்கள் மங்கலாகவே இருக்கும், ஆனால் சண்டை நடந்த இடங்களை வேறு நிறத்தில் குறித்தால் எல்லை தெளிவாகிவிடும்.

இரண்டு குடும்பங்கள் சந்தித்தால் தவறவே விட முடியாது. இரு பக்கமும் புதரில் வரிசை கட்டி நின்று, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்தும். நடுநடுவே ஒன்றிரண்டு பாய்ந்து துரத்தும். பிறகு இரண்டு கூட்டமும் அவரவர் பக்கம் திரும்பிவிடும்.

இதை ஏன் இவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? எல்லை தெரியாவிட்டால் இரண்டு குடும்பங்களின் குறிப்பை ஒன்றாகக் கலந்துவிடுவீர்கள். திங்கட்கிழமை எட்டு, புதன்கிழமை பதினொன்று, வெள்ளிக்கிழமை ஏழு என்று எழுதிக்கொண்டு, குஞ்சு பொரித்ததா இறந்ததா என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு கூட்டங்களைத்தான் எண்ணியிருக்கிறார்கள். கலந்துபோன நோட்டை ஆண்டு முடிவில் திருத்தவே முடியாது.

மாலை கடைசி அரைமணி நேரம் அவற்றைத் தொடர்ந்து போனால் இரவு தங்கும் மரமும் தெரியவரும். ஒரே கிளையில் உடலோடு உடல் ஒட்டி வரிசையாக அமரும். இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். எண்ணுவதற்காக டார்ச் அடிக்காதீர்கள். இருட்டில் கலைந்து சிதறும் பறவை ஆந்தைக்கும் பூனைக்கும் எளிதில் இரையாகிவிடும்.

5. பெரியது எது, இளையது எது

பறவையை அடையாளம் காண அதன் காலில் வளையம் மாட்டுவது அனுமதி பெற்ற ஆய்வாளர்களின் வேலை. நமக்கு இயற்கை ஓர் அடையாளம் தந்திருக்கிறது. அதுதான் கண்.

ஓராண்டைத் தாண்டிய பறவைக்குக் கண் வெளிறிய நீலவெள்ளை. அதற்கும் இளையவற்றுக்குக் கண் கருத்திருக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் இருபது அடியிலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. கண்ணை நிழல் மறைத்தால் ஊகிக்காமல் கேள்விக்குறி போடுங்கள்.

நோட்டில் இரண்டே எழுத்துப் போதும். வெளிர்கண்ணுக்கு 'வெ', கருங்கண்ணுக்கு 'க'. '5 வெ, 2 க, 1 ?' என்று ஒரு வரி எழுதினால் அந்தக் குடும்பத்தின் வயது அமைப்பு அதில் வந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து இந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே எப்போது குஞ்சுகள் சேர்ந்தன, அவை தப்பினவா என்பது புரியும்.

தனிப்பட்ட அடையாளங்களும் கிடைக்கும். வாலில் ஓர் இறகு இல்லாதது, தலையில் சிறகு உதிர்ந்தது, ஒரு காலை ஊன்றாதது. இறகு அடையாளம் அடுத்த சிறகுதிர்ப்பு வரைதான் செல்லும் என்பதால் தேதியோடு எழுதுங்கள். கால் ஊனம் மட்டும் நீடிக்கும்.

நண்பகல் வெயிலில் கூட்டம் நிழலில் ஒதுங்கி ஒன்றுக்கொன்று இறகு கோதிவிடும். அந்த அரைமணி நேரம்தான் கண்களையும் அடையாளங்களையும் பார்க்க மிக வசதியானது. காலை, மாலை மட்டுமே வருபவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

6. பருவத்துக்கு ஏற்ப எதைக் கவனிப்பது

கோடையில் (மார்ச் முதல் மே வரை) தண்ணீரை வைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எல்லாம் சேர்ந்து வருகின்றனவா, ஒன்று குளிக்கும்போது மற்றவை என்ன செய்கின்றன என்று எழுதுங்கள். மேயும் நேரம் காலையில் சுருங்கி, நிழலில் கிடக்கும் நேரம் நீளும். நீங்களே தொட்டி வைப்பதானால் ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில் வைத்து, தினமும் கழுவுங்கள். ஒரு முறை வைக்கத் தொடங்கினால் கோடை முடியும்வரை நிறுத்தக் கூடாது. வைத்த தேதியையும் நோட்டில் குறியுங்கள், ஏனென்றால் அன்று முதல் அவற்றின் அன்றாட வழி மாறும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் தென்மேற்குப் பருவமும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பவருக்கு இது மழைக்காலம். மதுரை, இராமநாதபுரம் பக்கம் இருப்பவருக்கு வறண்ட காற்றும் எப்போதாவது ஒரு மாலை மழையும்தான். எனவே அடுத்த மாவட்டத்து நண்பரின் அட்டவணையை உங்கள் நோட்டில் திணிக்காதீர்கள். மழை பெய்த நாளை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.

அந்த மழைக்குப் பின் ஈசல் எழும் மாலையைத் தவறவிடாதீர்கள். காவல் பறவை உட்படக் கூட்டமே தரையில் இறங்கிப் புற்றைச் சூழ்ந்துகொள்ளும். கரிச்சான் மேலிருந்து பாய்ந்து, எழும்பும் ஈசலைப் பிடிக்கும். சாதாரண நாட்களிலும் கரிச்சான், வால்காக்கை, அணில் ஆகியவை தவிட்டுக்குருவிக் கூட்டத்தோடு சேர்ந்து மேய்வதைப் பார்க்கலாம். யார் யாருடன் மேய்கிறார்கள் என்பதற்கு நோட்டில் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். புதியவர்கள் இதை வெறும் பின்னணி என்று விட்டுவிடுகிறார்கள். கரிச்சான் எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் எல்லாக் குருவியும் புதருக்குள் மறையும் அந்த ஒரு கணத்தைப் பார்த்தவர்கள் பிறகு விடுவதில்லை.

வடகிழக்குப் பருவத்தில் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) மழை விட்ட இடைவெளியில் போங்கள். அடைமழையில் கூட்டம் புதருக்குள் அசையாமல் இருக்கும். மழை நின்று கால்மணி நேரத்துக்குள் பசியோடு வெளியே வரும். புல்லும் கொடியும் உயர்ந்து பறவைகள் கண்ணுக்கு மறையும் பருவம் இது. எண்ணிக்கை குறைந்ததுபோல் தோன்றினாலும் உடனே முடிவுக்கு வராமல், கடக்கும் இடத்தில் நின்று எண்ணியது என்ன என்று பாருங்கள்.

ஜனவரி, பிப்ரவரிப் பனியில் காலை தாமதமாகத் தொடங்கும். முதல் வெயில் படும் கிளையில் சிறகைச் சிலிர்த்து உட்காரும். இலைகள் உதிர்ந்து பார்வை எட்டும் இந்த மாதங்களில் வரைபடத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய கூடுகள் தெரியவரும். தாவர நார், புல், வேர் கொண்டு கட்டிய கிண்ணங்களாக, கிளைக் கவட்டிலோ முட்புதரிலோ இருக்கும்.

7. கூடு

தவிட்டுக்குருவி ஆண்டின் எந்த மாதத்திலும் கூடு கட்டக்கூடியது. அதனால் 'இந்த மாதம் சீசன் இல்லை' என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

கூட்டைத் தேடவும் வேண்டாம். புதர் விலக்கித் தேடுபவர் விட்டுச்செல்லும் பாதையைக் காகமும் பூனையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அலகில் புல்லோடு ஒரு பறவை ஒரே திசையில் திரும்பத் திரும்பப் போனால் கட்டும் காலம். குடும்ப எண்ணிக்கையில் ஒன்று தொடர்ந்து குறைந்தால் அடைகாக்கும் காலம். இதற்குத்தான் மூன்றாம் படியில் அவ்வளவு பொறுமையாக எண்ணினோம். பல பறவைகள் அலகில் புழுவோடு ஒரே புதருக்குப் போனால் குஞ்சு பொரித்துவிட்டது.

முட்டை பளிச்சென்ற நீலம். அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பார்க்காமல் இருப்பதே நல்லது. அடைகாப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த நாட்களில் பறவை கூட்டைவிட்டு எழுந்தால் முட்டை வெயிலுக்கும் செம்போத்துக்கும் திறந்து கிடக்கும்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று பறவையே சொல்லும். இரையோடு வந்த பறவை கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் அமர்ந்து, உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். பின்வாங்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அது கூட்டுக்குப் போனால் அந்தத் தூரம் சரி. போகவில்லையென்றால் இன்னும் பின்னால் போங்கள், அல்லது அன்றைக்குப் போதும் என்று கிளம்புங்கள்.

தெளிவாகத் தெரிவதற்காகக் கிளையை வளைப்பது, இலையைக் கிள்ளுவது, பிளாஷ் அடிப்பது, செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது எதையும் செய்யாதீர்கள். மறைப்பு போன கூட்டில் குஞ்சு தப்புவது அரிது. காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது இரையூட்டுவது யார் என்பது. தாய், தந்தை மட்டுமல்லாமல் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களும் ஊட்டும். 'வெ' எத்தனை முறை, 'க' எத்தனை முறை என்று அரைமணி நேரம் கோடு போட்டுப் பாருங்கள். போன முறை பிறந்து இன்னும் கண் வெளுக்காத குருவி, இந்த முறை பிறந்த தம்பி தங்கைக்கு வெட்டுக்கிளி கொண்டுவருவதை உங்கள் நோட்டே காட்டும்.

8. சுடலைக்குயிலும் அக்காக்குயிலும்

கருப்பு வெள்ளையில் கொண்டை வைத்த சுடலைக்குயில் எல்லைக்குள் வந்தால் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதுங்கள். தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் பறவை அது. அதன் முட்டையும் நீலம்தான். அக்காக்குயிலும் சிலம்பன்களின் கூட்டில் முட்டையிடுவதுண்டு. குடும்பமே சேர்ந்து குயிலைத் துரத்துவதை இந்த நாட்களில் காணலாம்.

சில வாரம் கழித்து, கூட்டத்தின் நடுவே நிறத்திலும் உருவத்திலும் ஒட்டாத ஒரு குஞ்சு வாயைத் திறந்து இரை கேட்டால் வியப்படைய வேண்டாம். சுடலைக்குயிலின் குஞ்சு ஒன்றுக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டமே சேர்ந்து இரையூட்டியதை வனவிலங்கு ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் அவருடன் ஆய்வு செய்தவரும் 1982-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

குருவிக்கு உதவுவதாக எண்ணிக் குயில் குஞ்சை அகற்ற நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டுமே இங்கு வாழும் பறவைகள், இரண்டின் வாழ்வும் இப்படிப் பின்னித்தான் வந்திருக்கிறது. எத்தனை நாள் ஊட்டுகின்றன, கூடவே சொந்தக் குஞ்சும் வளர்கிறதா என்று எழுதுவதுதான் நம் வேலை.

9. குஞ்சு கூட்டைவிட்டு இறங்கிய பின்

சரியாகப் பறக்கத் தெரிவதற்கு முன்பே குஞ்சுகள் கூட்டைவிட்டு வந்துவிடும். குட்டை வால், வாயோரத்தில் மஞ்சள் சதை, கருங்கண். தரையில் தத்தும் குஞ்சைக் கண்டதும் அனாதை என்று எடுத்துப்போய் அட்டைப்பெட்டியில் வைப்பதுதான் நான் பார்த்ததில் மிகவும் பரவலான தவறு, நல்ல மனத்தோடு செய்யும் தவறு. எடுக்காதீர்கள். பெரியவை பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் விலகினால் இரையோடு வரும்.

சாலையிலோ பூனை பக்கத்திலோ இருந்தால் மட்டும் மெல்ல எடுத்து அருகிலுள்ள புதரில் வையுங்கள். கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்று சொல்வது உண்மையல்ல.

இறங்கிய முதல் வாரத்தில் தினமும் எண்ணுங்கள். வல்லூறு, பூனை, பாம்பு என்று இழப்பு மிகுந்த நாட்கள் இவை. எண்ணிக்கை குறைந்த தேதியும், அதற்கு முந்தைய நாள் கூட்டம் எதைச் சூழ்ந்து கத்தியது என்பதும் நோட்டில் இருந்தால் காரணத்தை ஓரளவு கணிக்கலாம். உறுதியில்லாமல் 'பூனை தின்றது' என்று எழுதாதீர்கள். 'காணவில்லை' போதும்.

10. பதிவேடு

ஒரு நாளின் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

'காலை 6.50 முதல் 7.15 வரை. நேற்றிரவு மழை. வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவே. கடக்கும்போது 9: 6 வெ, 3 க. ஒரு க அலகைத் திறந்து இரை கேட்டது, வெ ஊட்டியது. கரிச்சான் 1, அணில் 2 உடன். செம்போத்தைக் கண்டு எல்லாம் கத்தின.'

அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் '8 அல்லது 9' ஆகிவிடும். பார்க்காத நாளையும், போயும் பறவை வராத நாளையும் தனித்தனியே குறியுங்கள். வராதது தகவல், போகாதது தகவல் இல்லை.

மாதம் ஒரு முறையாவது, பார்த்த பறவைகளின் பட்டியலை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். கூடு கட்டுதல், குஞ்சுக்கு ஊட்டுதல் ஆகியவற்றுக்கு அதில் தனிக் குறியீடுகள் உள்ளன. குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட எல்லா இனங்களையும் சேர்த்துப் பதியுங்கள், அப்போதுதான் பட்டியல் பிறருக்கும் பயன்படும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும்போது அதே இடத்திலிருந்து பட்டியல் கொடுங்கள். கூடு இருக்கும் மரத்தை மட்டும் எந்தத் தளத்திலும் குழுவிலும் சொல்ல வேண்டாம். ஒருவர் வந்தால் பரவாயில்லை, பத்துப் பேர் கேமராவோடு வந்தால் கூடு தாங்காது.

11. இரண்டாம் ஆண்டு

முதல் ஆண்டு வரைபடத்தின் மேல் வேறு நிறத்தில் இரண்டாம் ஆண்டின் புள்ளிகளை வையுங்கள். எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தது, எந்த வேலி வெட்டப்பட்டது, எங்கே சிமெண்ட் தளம் போட்டுச் சருகு போயிற்று என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

குடும்பம் சிறுத்தால் உடனே வேறு கூட்டத்துக்கு மாறிவிடாதீர்கள். எண்ணிக்கை குறைந்த கூட்டம் எல்லையை எவ்வளவு தூரம் காக்கிறது, காவலுக்கு ஒன்றை நிறுத்த முடிகிறதா, பக்கத்துக் கூட்டம் உள்ளே வருகிறதா என்பது கூட்டம் பெரிதாக இருந்தபோது கிடைக்காத தகவல். சருகைப் பெருக்கி எரிக்காமல் வேலியோரம் மட்டுமாவது விட்டுவைக்கும்படி இடத்துக்கு உரியவரிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டின் நோட்டையும் வரைபடத்தையும் எடுத்துப்போய்க் காட்டிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.